அனிமே முகம் ஏன் கோணலாகிறது?

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அது யாருக்கு என்பது எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. வீட்டுக் கணக்கு எழுதலாம், ரயில் டிக்கெட் எடுக்கலாம், கரண்ட் பில் கட்டலாம் என்று நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளோ, படம் வரையும் புரோகிராம் ஒன்றை இன்ஸ்டால் செய்து, பெரிய கண்ணும் சின்ன மூக்கும் நீல முடியுமாக அனிமே பெண்களை வரைய ஆரம்பித்துவிட்டாள்.

அனிமே என்பது ஜப்பான் நாட்டு அனிமேஷன். டோரேமானும் ஷின்சானும் தமிழ் பேசிக்கொண்டு நம் டிவிக்குள் வந்தவர்கள்தான். 2025ல் டீமன் ஸ்லேயர் வரிசையின் இன்பினிட்டி கேசில் படம் தமிழிலும் டப் செய்யப்பட்டு தியேட்டர்களுக்கு வந்தது. ஆகவே உங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் வந்தவுடன் இந்தப் பெரிய கண்கள் வந்து சேர வாய்ப்புண்டு. அப்போது பெற்றோர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, வரைபவர் எப்படி முன்னேறலாம் என்பதை எங்கள் வீட்டு அனுபவத்திலிருந்து சொல்கிறேன். முதலில், செய்யக்கூடாதது.

நான் செய்த தவறு

2025 மார்ச் கடைசியில் ஒரு புதுப் பழக்கம் எங்கும் பரவியது நினைவிருக்கும். குடும்பப் போட்டோவை ஏஐ புரோகிராமிடம் கொடுத்தால், ஜப்பானின் ஸ்டுடியோ ஜிப்லி படங்களைப் போல மாற்றிக் கொடுத்தது. எங்கள் உறவினர் ஒருவரும் அப்படி ஒரு படத்தை அனுப்பியிருந்தார். அதே நாளில் என் மகள் மூன்று வாரமாக வரைந்துகொண்டிருந்த படம் மானிட்டரில் திறந்திருந்தது. நான் போனை அவள் முன் நீட்டி, "பாரேன், ஒரே நிமிஷத்துல எவ்வளவு அழகா வந்திருக்கு! நீ மூணு வாரமா உட்கார்ந்து..." என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. அவள் பைலை சேவ் செய்து, கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டு எழுந்து போனாள்.

இரண்டு மாதம் அந்த புரோகிராமை அவள் திறக்கவில்லை. பரீட்சை என்றாள், பிறகு வெயில் என்றாள்.

ஒருநாள் மதியம் கரண்ட் பில் கட்டியபின் அவளுடைய போல்டரை நானே திறந்து பார்த்தேன். ஒரே படத்தின் 23 பைல்கள் வரிசையாக இருந்தன. கடைசியாக இருந்ததைத் திறந்தேன். வலது ஓரத்தில் லேயர்களின் பட்டியல் வந்தது. லேயர் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. ஒன்றில் கோடு, ஒன்றில் முடி, ஒன்றில் தோலின் நிறம் என்று தனித்தனியாக வரைந்துகொள்ளலாம். அவள் ஒவ்வொரு லேயருக்கும் பெயர் வைத்திருந்தாள். 'முடி', 'கண்', 'சேலை'. அவற்றின் நடுவே ஒரு லேயரின் பெயர் 'ஆச்சி மூக்குத்தி'.

முந்தைய வருடம் இறந்துபோன என் அம்மாவை, சிறு வயதுப் பெண்ணாக, அனிமே பாணியில் அவள் வரைந்துகொண்டிருந்திருக்கிறாள். மூன்று வாரமாக என் முதுகுக்குப் பின்னால் நடந்தது அதுதான். நான் ஒருநாள்கூட நின்று பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்டால் "பரவாயில்லம்மா" என்று முடித்துவிடுவாள் என்று தெரியும். எனவே வேறொன்று செய்தேன். ஒரு புதிய பைலைத் திறந்து, மவுஸைப் பிடித்து, நானே ஒரு முகம் வரைந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. உருளைக்கிழங்குக்குக் கண் வைத்த மாதிரி இருந்தது. மாலையில் அவளைக் கூப்பிட்டு, "இதுல என்ன தப்புன்னு சொல்லு. சிரிக்காம சொல்லணும்" என்றேன். சிரிக்கத்தான் செய்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் படத்தின் மேல் ஒரு புதிய லேயரை ஏற்படுத்தி, சிவப்பு நிறத்தில் கோடு போட்டாள். "கண்ணு ரெண்டும் ஒரே மட்டத்துல இல்லம்மா. இந்தா பாரு."

ஸ்டுடியோவிலும் இதே முறைதான்

அவள் செய்தது விளையாட்டல்ல. ஜப்பானிய ஸ்டுடியோக்களில் ஒரே கதாபாத்திரத்தைப் பல பேர் வரைவார்கள். கை மாற மாற முகமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். இதனைத் தடுக்க இரண்டு ஏற்பாடுகள் உள்ளன.

முதலாவது 'செத்தெய்' எனப்படும் மாதிரித் தாள். ஒரு கதாபாத்திரம் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் எப்படி இருக்கும், சிரித்தால் எப்படி, கோபப்பட்டால் எப்படி என்று எல்லாம் அதில் வரைந்திருக்கும். இரண்டாவது 'சகுகா கந்தோக்கு' எனப்படும் ஓவிய இயக்குநர். மற்றவர்கள் வரைந்த தாளின் மேல் இவர் மெல்லிய நிறத் தாள் ஒன்றை வைப்பார். பெரும்பாலும் அது மஞ்சள் நிறத்தில் இருக்கும். கீழே உள்ள கோடு தெரியத் தெரிய, சரியான கோட்டை அந்தத் தாளில் வரைந்து திருப்பி அனுப்புவார். வரைந்தவரின் தாளை அவர் அழிப்பதில்லை. எங்கே எவ்வளவு தவறினோம் என்பதை வரைந்தவர் தன் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். டோய் ஸ்டுடியோ 1963ல் வெளியிட்ட, எட்டுத் தலைப் பாம்பை வெல்லும் இளவரசன் கதையில் யசுஜி மோரி இத்தகைய பொறுப்பில் இருந்தார். ஹயாவோ மியாசாகி அதே வருடம்தான் டோய் ஸ்டுடியோவில் கடைநிலை ஓவியராகச் சேர்ந்தார்.

தன் வேலையின் மேல் இன்னொருவர் திருத்தம் போடுவது அங்கே அவமானமல்ல, அன்றாட வேலை. அந்த மஞ்சள் தாளின் இடத்தில்தான் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு லேயர் இருக்கிறது.

என்னவெல்லாம் வேண்டும்?

நாங்கள் பயன்படுத்துவது கிரிட்டா. அதன் அதிகாரப்பூர்வ தளமான கிரிட்டா டாட் ஓஆர்ஜி யிலிருந்து இலவசமாக டவுண்லோட் செய்திடலாம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். ஆப் ஸ்டோர்கள் சிலவற்றில் இதே புரோகிராம் விலைக்கும் இருக்கிறது. அது அதனை உருவாக்குபவர்களுக்கு உதவி செய்ய விரும்புபவர்களுக்காக. வேறு ஏதேதோ தளங்களிலிருந்து டவுண்லோட் செய்ய வேண்டாம். கூடவே தேவையற்ற புரோகிராம்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மவுஸிலும் வரையலாம். ஆனால் கோட்டின் தடிமன் கை அழுத்தத்துக்கு ஏற்ப மாறாது. ஆர்வம் நிலைக்கிறது என்று தெரிந்தபின் சிறிய பென் டேப்லட் ஒன்று வாங்கலாம். சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. பென்சில் மாதிரியே மெல்ல அழுத்தினால் மெல்லிய கோடு, நன்றாக அழுத்தினால் தடித்த கோடு வரும். முதல் வாரம் கை வேறிடம், கண் வேறிடம் என்று தடுமாறும். பிறகு பழகிவிடும்.

கோடு நடுங்கினால், பிரஷ் டூலைத் தேர்ந்தெடுத்து, டூல் ஆப்ஷன்ஸ் பகுதியில் பிரஷ் ஸ்மூத்திங் என்பதற்குச் சென்று ஸ்டெபிலைசர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கோடு சற்றுத் தாமதமாக வரும். ஆனால் வழுவழுப்பாக வரும்.

அடிக்கடி தேவைப்படும் கீகள் இவை. இன்சர்ட் கீயை அழுத்தினால் புதிய லேயர் கிடைக்கும். ஈ கீ பிரஷை ரப்பராக மாற்றும். மீண்டும் தட்டினால் பிரஷ் திரும்பிவிடும். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு படத்தில் கிளிக் செய்தால் அந்த இடத்தின் நிறம் பிரஷுக்கு வந்துவிடும். கண்ட்ரோல் + இசட் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று மிக முக்கியம். கண்ட்ரோல் + ஆல்ட் + எஸ் தட்டினால், பழைய பைல் அப்படியே இருக்க, அடுத்த எண்ணுடன் புதிய பைல் ஒன்று சேவ் ஆகும். என் மகளின் போல்டரில் 23 பைல்கள் இருந்ததன் ரகசியம் இதுதான். பழைய படம் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியம் இருந்தால்தான் புதிய படத்தில் துணிந்து கை வைக்க முடியும்.

மாஸ்டர் சொன்ன குறைகள்

எங்கள் இருவருக்கும் தெரிந்தது கொஞ்சம்தான். எனவே அவளுடைய படங்கள் நான்கை பிரிண்ட் எடுத்துக்கொண்டு, அடுத்த தெருவில் இருக்கும் டிராயிங் மாஸ்டரிடம் போனோம். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. அனிமே என்ற சொல்லையே அன்றுதான் கேட்டார்.

வாங்கியவுடன் தாளைத் திருப்பி, பின்பக்கம் தன் பக்கமாக இருக்கும்படி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். படம் இடம் வலம் மாறித் தெரிந்தது. "இப்பப் பாரு பாப்பா. முகம் ஒரு பக்கமா வழுக்கிட்டுப் போகுதுல்ல?" என்றார். போயிருந்தது. தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு கண் மேலேறி, நேராகப் பார்க்கும்போது எங்கள் கண்ணுக்குப் படாத கோணல் எல்லாம் தெரிந்தது. நாம் வரைவதை நாமே மணிக்கணக்காகப் பார்ப்பதால் கண் அதற்குப் பழகிவிடுகிறது. புரட்டினால் அது புதுப் படம்.

கிரிட்டாவில் இதற்கு எம் கீயை ஒருமுறை தட்டினால் போதும். பார்வை மட்டும் புரளும், படம் மாறாது. மீண்டும் தட்டினால் பழையபடி வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எம் தட்டும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

அவர் சொன்ன மற்ற குறைகள் ஏறக்குறைய எல்லாப் புதியவர்களுக்கும் பொருந்தும்.

முடி: "முடியை எண்ணி எண்ணிப் போட்டிருக்கியே. முதல்ல மண்டையப் போடு, அப்புறம் முடி." தலையின் உருண்டையை வரையாமல் நெற்றியிலிருந்து நேராக முடி வரைந்தால் பின்தலை காணாமல் போகும். முதலில் ஓர் உருண்டை, அதற்குக் கீழே தாடை. அதன்மேல் முடியை மூன்று நான்கு பெரிய கற்றைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மெல்லிய இழைகள் கடைசியில்தான்.

கண்: "பெரிய கண்ணு அவங்க பாணி, அதுல நான் குறை சொல்லமாட்டேன். ஆனா கண்ணு காகிதத்துல ஒட்டின பொட்டு இல்ல, உருண்டை." முகம் சற்றுத் திரும்பியிருந்தால் தூரத்துக் கண் குறுகலாக இருக்க வேண்டும். மேல் இமையின் கோடு தடிமனாகவும் கீழ் இமை மெல்லியதாகவும் இருக்கும். மேல் இமையின் நிழல் கருவிழியின் மேல் பாதியில் விழும். இந்த நிழல் இல்லாவிட்டால் கண் வெறித்துப் பார்ப்பது போல் தெரியும்.

கழுத்து: அவள் வரைந்த கழுத்து தாடையின் நடுவிலிருந்து குழாய் மாதிரி இறங்கியது. உண்மையில் கழுத்து தலையின் பின்பகுதியிலிருந்து சற்றுப் பின்சாய்வாகத் தோளுக்கு இறங்குகிறது. பக்கவாட்டு முகத்தில் இது நன்றாகத் தெரியும்.

நிழல்: எல்லாப் பகுதிகளிலும் ஓரத்தில் கறுப்பு, நடுவில் வெளிச்சம் என்று தலையணை மாதிரி தடவியிருந்தாள். "வெளிச்சம் எங்கேருந்து வருது? ஜன்னலா, விளக்கா? அதை முடிவு பண்ணாம நிழல் எப்படிப் போடுவே?" என்றார்.

அவர் பாணி என்று சொன்னது சரிதான். அனிமேயின் பெரிய கண்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒசாமு தெசூகா என்ற ஓவியர் டிஸ்னி படங்களை மிகவும் ரசித்தவர். அந்தச் செல்வாக்கில் அவர் வரைந்த பெரிய கண்கள் ஜப்பானியச் சித்திரக் கதைகளில் பரவின. அவருடைய ஆஸ்ட்ரோ பாய் 1963 ஜனவரி 1 அன்று டிவியில் தொடங்கியது. பாணி என்பது விதியை எங்கே, எவ்வளவு மீறுவது என்ற முடிவு. விதியே தெரியாமல் மீறினால் அது பாணியாகாது, பிழையாகத்தான் தெரியும்.

குறை கேட்பதற்கும் ஒரு முறை உண்டு

இந்த ஒரு வருடத்தில் நாங்கள் கற்றுக்கொண்டதை வரிசையாகத் தருகிறேன்.

1. "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும். "இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா?", "இவள் சோகமாக இருப்பது தெரிகிறதா?" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

2. பாதியில் காட்டுங்கள். கோடு மட்டும் இருக்கும் நிலையில் கழுத்தை மாற்ற ஐந்து நிமிடம் போதும். நிறமெல்லாம் அடித்து முடித்தபின் மாற்ற மனம் வராது.

3. பெரியதிலிருந்து சிறியதற்குப் போங்கள். முதலில் உடலின் நிலை, பிறகு அளவுகள், பிறகு வெளிச்சம், பிறகு நிறம், கடைசியில் கண்ணிமையும் நகையும். தலையே கோணலாக இருக்கும்போது காதணியைத் திருத்திப் பயனில்லை.

4. திருத்தம் எப்போதும் தனி லேயரில். மூலப் படத்தின் லேயரில் ஒபாசிட்டி என்ற அளவைப் பாதியாகக் குறைத்தால் கோடுகள் மங்கலாகத் தெரியும். மேலே புதிய லேயரில் சிவப்பில் வரையவும். ஒப்பிட்டுப் பார்க்க லேயரின் பக்கத்தில் உள்ள கண் அடையாளத்தை மாற்றி மாற்றி கிளிக் செய்திடவும்.

5. ஒரு படத்துக்கு மூன்று குறைகள் போதும். பத்துக் குறை சொன்னால் வரைபவர் பதினோராவது படத்தை வரையமாட்டார்.

6. குறை சொல்பவருக்கு: முதலில் நீங்கள் பார்த்தது என்ன என்று சொல்லுங்கள். "ஒரு பெண் யாருக்கோ காத்திருக்கிறாள்" என்று நீங்கள் சொல்ல, வரைந்தவர் "அவள் கோபமாக இருக்கிறாள்" என்று நினைத்திருந்தால், எங்கே தவறு என்பது இருவருக்கும் புரிந்துவிடும். இன்னொருவர் படத்தை நீட்டி ஒப்பிடாதீர்கள். இதனை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

தினமும் அரை மணி நேரப் பயிற்சி

குறை தெரிந்தால் மட்டும் கை சரியாகிவிடாது. அதற்குப் பயிற்சி வேண்டும். ஒரு படத்தைப் பார்த்து வரைந்து படிப்பது பழைய வழிதான். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1814ல் வெளியிடத் தொடங்கிய ஹொகுசாய் மங்கா என்ற படத் தொகுப்பு, மாணவர்கள் பார்த்து வரைந்து பழகுவதற்கான மாதிரிப் புத்தகமாக வந்ததுதான்.

எங்கள் வீட்டு முறை இது. பிடித்த அனிமேயை ஒரு காட்சியில் நிறுத்தி, பார்த்து வரைவது. மேலே தாள் வைத்து ஒற்றி எடுப்பதில்லை. ஒற்றினால் கை மட்டும்தான் வேலை செய்கிறது. வரைந்தபின் மூலத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து அதே முகத்தை மறுபடி வரைவது. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நினைவில் எது விடுபட்டதோ அதுதான் நாம் இன்னும் கற்காதது. கிரிட்டாவில் ரெபரன்ஸ் இமேஜ் டூல் மூலம் மாதிரிப் படத்தைக் கேன்வாஸின் ஓரத்திலேயே வைத்துக்கொள்ளலாம். இப்படி வரைந்தவை பயிற்சிக்கு மட்டுமே. அவற்றைச் சொந்தப் படைப்பு என்று காட்டக்கூடாது.

அனிமேயை மட்டும் பார்த்து வரைந்தால் அவர்கள் விட்டுவிட்டதை நாமும் விட்டுவிடுவோம். வாரத்தில் இரண்டு நாள் உண்மையான மனிதர்களை வரைய வேண்டும். ஆண்ட்ரூ லூமிஸ் என்ற அமெரிக்க ஓவியர் 1943லும் 1956லும் வெளியிட்ட பாடப் புத்தகங்கள் இன்றும் பயன்படுகின்றன. தலையை ஓர் உருண்டையாகத் தொடங்கும் அவருடைய முறையைத்தான் மாஸ்டரும் சொன்னார். ஒரு முக்கிய அளவு: வளர்ந்தவர் ஒருவரின் கண்கள் உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரியாக நடுவில் இருக்கும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், நம்ப முடியாது. அனிமேயில் கண்கள் இதற்குச் சற்றுக் கீழே இறங்கும்போது முகம் இளமையாகத் தெரிகிறது. உயரமும் அப்படித்தான். வளர்ந்த மனிதர் தன் தலையைப் போல ஏழரை மடங்கு உயரம். சிபி எனப்படும் குட்டி உருவங்கள் இரண்டு மூன்று மடங்குதான்.

மாஸ்டர் தம் பங்குக்கு, 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த படங்களையும், கோபுலுவின் கோட்டுச் சித்திரங்களையும் எடுத்துக் காட்டினார். சேலையின் மடிப்பு உடம்பைச் சுற்றிக்கொண்டு போவதை அவற்றில் பார்த்துப் படிக்கச் சொன்னார். என் மகள் அதுவரை சேலையை அட்டையில் வெட்டி ஒட்டியது போல் வரைந்துகொண்டிருந்தாள். அதன்பின் நான் கொடியில் சேலை காயப்போடும்போதெல்லாம் நோட்டும் பென்சிலுமாக வந்து நிற்க ஆரம்பித்தாள்.

நிறம் அடிக்கும்போது

அனிமேயின் தட்டையான நிறங்களுக்குக் காரணம் அதன் பழைய தயாரிப்பு முறை. செல் எனப்படும் ஒளி ஊடுருவும் தாளில் கோட்டைப் பதித்து, அதன் பின்பக்கத்தில் பெயின்ட் அடிப்பார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அடிப்படை நிறம், ஒரு நிழல் நிறம், தேவைப்பட்டால் ஒரு வெளிச்சப் புள்ளி. அவ்வளவுதான். டிவியில் நீண்ட காலம் செல் முறையை விடாமல் வைத்திருந்த சசாயே சான் தொடரும் 2013ல் முழுவதுமாகக் கம்ப்யூட்டருக்கு மாறியது.

இதே கட்டுப்பாட்டை நீங்களும் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நிழலின் எல்லையை முதலில் மெல்லிய கோடாக வரைந்துகொள்ளுங்கள். ஸ்டுடியோக்களிலும் நிழலின் எல்லையை நிறப் பென்சிலால் குறித்த பின்பே நிறம் அடிக்கிறார்கள். பிறகு அடிப்படை நிற லேயருக்கு மேல் ஒரு புதிய லேயர் ஏற்படுத்தி, அதன் பிளென்டிங் மோட் பட்டியலில் மல்டிப்ளை என்பதைத் தேர்ந்தெடுத்து நிழல் அடிக்கவும். இரண்டு லேயர்களையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + ஜி தட்டினால் ஒரே குரூப்பாகும். நிழல் லேயரில் உள்ள ஆல்பா அடையாளத்தில் கிளிக் செய்தால், நிழல் அடிப்படை நிறத்துக்கு வெளியே வழியாது. நிழலுக்குக் கறுப்பை எடுக்க வேண்டாம், முகம் அழுக்காகத் தெரியும். தோலுக்குச் செம்மை கலந்த பழுப்போ மங்கலான ஊதாவோ எடுத்துப் பாருங்கள்.

வெளிச்சமும் நிழலும் சரியாகப் பிரிந்திருக்கின்றனவா என்று பார்க்க ஒரு வழி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் ஏற்படுத்தி, பில் டூலால் முழுவதும் கறுப்பை நிரப்பி, பிளென்டிங் மோடை கலர் என்று மாற்றவும். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். முகமும் முடியும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிட்டால், நிறங்கள் வேறாக இருந்தாலும் படம் தூரத்தில் தெளிவாக இருக்காது. சோதித்தபின் அந்த லேயரை மறைத்துவிடவும்.

மூக்குத்தி எந்தப் பக்கம்?

ஏழு மாதம் கழித்து, தானாகவே அந்த 23வது பைலைத் திறந்து, 24வது பைலாக சேவ் செய்தாள். எம் தட்டிப் பார்த்தாள். தாடையைச் சரிசெய்தாள், கழுத்தை மாற்றினாள். முடியை முழுவதும் அழித்துவிட்டு, தலையின் உருண்டையிலிருந்து மறுபடி தொடங்கினாள். கோடு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, இது ஆச்சி மாதிரி இருக்கா? சும்மா சொல்லாத."

நான் நின்று பார்த்தேன். ஏதோ ஒன்று சரியில்லை. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. "ஆச்சிக்கு மூக்குத்தி வலது பக்கம். நீ இடது பக்கம் போட்டிருக்கே. வகிடும் மாறியிருக்கு" என்றேன். "போட்டோல இப்படித்தாம்மா இருக்கு" என்று அவள் போட்டோவைத் திறந்தாள். ஆச்சியுடன் அவள் எடுத்த செல்பி அது. அதே போட்டோவில் பின்சுவரில் தொங்கிய காலண்டரின் எழுத்துகள் எல்லாம் தலைகீழ் கண்ணாடி மாதிரி திரும்பியிருந்தன. அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது. சில போன்கள் செல்பியைக் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாற்றி சேவ் செய்கின்றன. கேமரா செட்டிங்ஸில் இதனை மாற்றிக்கொள்ளலாம். செல்பியைப் பார்த்து வரையும் அனைவரும், போட்டோவில் ஏதேனும் எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இமேஜ் மெனுவில் உள்ள மிரர் வசதி மூலம் படம் முழுவதையும் கிடைமட்டமாகப் புரட்டினாள். எம் கீ பார்வையை மட்டும்தான் மாற்றும். இது படத்தையே மாற்றும். ஒரு நொடியில் மூக்குத்தி தன் இடத்துக்கு வந்தது. வகிடும் சரியானது. நான் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

படம் இன்னும் முடியவில்லை. இப்போது 31வது பைலில் இருக்கிறது. கை விரல்கள் சரியாக வரவில்லை என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. உறவினர் அனுப்பிய அந்த ஒரு நிமிடப் படத்தைத் தேடிப் பார்த்தேன். என் போனில் இல்லை, எப்போதோ இடம் போதவில்லை என்று அழித்திருக்கிறேன்.

என் உருளைக்கிழங்குப் பெண்ணும் முன்னேறி வருகிறாள். போன வாரம் கண்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் வந்துவிட்டன. மகள் பார்த்துவிட்டு, "அடுத்தது கழுத்தும்மா" என்று சொல்லி, மேலே ஒரு லேயர் போட்டு, சிவப்பு பிரஷை எடுத்தாள்.